சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனாலும் நிரபராதி சிறையில்!

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் மீது வழிப்பறி வழக்கு விழுந்தால் அக்கம்பக்கத்தில் முதலில் எழும் பேச்சு என்ன? "அந்த அம்மா நேரிலேயே பார்த்திருக்காங்க. இவன்தான்னு கை நீட்டிச் சொல்லிட்டாங்க. அவங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க?" இந்த ஒரு கேள்வியோடு வழக்கு முடிந்துவிடுகிறது. போலீஸ் நிலையத்தில் முடிகிறது, கோயில் வாசல் பேச்சில் முடிகிறது, சில வேளைகளில் பெற்ற தகப்பன் மனத்திலும் முடிந்துவிடுகிறது.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு வழக்குகளில் பொய் சொல்ல அவருக்குக் காரணமும் இருக்காது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன் என்று மனதார நம்பிக்கொண்டே ஒருவர் தவறான ஆளைக் காட்ட முடியும். இதுதான் நம் மக்களுக்கு இன்னும் புரியாத விஷயம். புரிய வேண்டிய நீதிமன்றங்களிலும் பாதிதான் புரிந்திருக்கிறது என்பது என் கருத்து.

பொய்ச் சாட்சியைக் கெட்டிக்கார வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் உடைத்துவிடலாம். பொய்க்குக் கால் இல்லை, எங்காவது தடுக்கி விழும். நம்பிச் சொல்லும் சாட்சியை எப்படி உடைப்பது? அவர் விடும் கண்ணீர் உண்மையான கண்ணீர். அவர் குரலில் தடுமாற்றம் இல்லை. நீதிபதியும் மனிதர்தானே, அந்த உறுதியைப் பார்த்து நம்பிவிடுகிறார். தவறான தீர்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

உலகமே அறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். 1984 ஜூலை மாதம் ஒரு நள்ளிரவில், ஜெனிபர் தாம்சன் என்ற 22 வயது கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்து கத்தி முனையில் பாலியல் வன்கொடுமை செய்தான். அந்தக் கொடுமைக்கு நடுவிலும் அந்தப் பெண் ஒரு முடிவு எடுத்தார். உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்டியே தீர வேண்டும் என்று அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். இதைவிடக் கவனமான சாட்சி உலகத்தில் கிடைக்குமா?

சில நாளில் போலீஸ் ஆறு புகைப்படங்களை மேசையில் வைத்தது. அவர் நிதானமாகப் பார்த்து ஒரு படத்தை எடுத்தார். ரோனால்ட் காட்டன் என்ற கறுப்பின இளைஞரின் படம். தன்னைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட காட்டன் தானாகவே போலீஸ் நிலையத்துக்குப் போனார். செய்யாத குற்றத்துக்கு ஏன் ஓட வேண்டும்? அங்கே போய், அந்த வார இறுதியில் எங்கே இருந்தாய் என்று கேட்டபோது, வேறொரு வார இறுதியை நினைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். பின்னால் அது தவறு என்று தெரிந்ததும், "பார், பொய் சொல்கிறான்" என்று ஆகிவிட்டது. இந்த இடத்தை மனத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்து ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். புகைப்பட வரிசையிலும் நேர் வரிசையிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான். மாணவி மீண்டும் அவரையே காட்டினார். படத்தில் காட்டியதும் இவனைத்தான் என்று போலீஸ் அவருக்குச் சொன்னது. அந்த ஒரு வார்த்தையில் அவருடைய கொஞ்சநஞ்ச சந்தேகமும் கரைந்துபோனது. அதே இரவில் தாக்கப்பட்ட இன்னொரு பெண் அணிவகுப்பில் வேறொருவரைக் காட்டினார். அந்தச் செய்தி முதல் விசாரணையின் ஜூரிகள் காதுக்குப் போகவே இல்லை. 1985-இல் காட்டனுக்கு ஆயுள் தண்டனை, அதற்கு மேல் 50 ஆண்டு.

சிறையில் பாபி பூல் என்ற இன்னொரு கைதி, இந்தக் குற்றங்களைச் செய்தது தானே என்று சக கைதியிடம் சொல்லியிருந்தான். மேல்முறையீட்டில் வென்று 1987-இல் காட்டனுக்கு மறு விசாரணை கிடைத்தபோது, அந்த பூலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து மாணவியின் முன் நிறுத்தினார்கள். தம்மைச் சீரழித்த அதே ஆளை நேருக்கு நேர் பார்த்த ஜெனிபர் தாம்சன் என்ன சொன்னார் தெரியுமா? இவரை நான் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார்! முன்பு வேறொருவரைக் காட்டிய இரண்டாவது பெண்ணும் இந்த முறை காட்டனையே காட்டினார். மீண்டும் ஆயுள் தண்டனை.

1995-இல் மரபணுச் சோதனை செய்தார்கள். குற்றவாளி பூல்தான். பத்தரை ஆண்டு கழித்து காட்டன் வெளியே வந்தார். இழப்பீடு சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர். ஒரு மனிதனின் இருபதுகள் முழுவதற்கும் அவ்வளவுதான் விலை.

அந்தப் பெண் கெட்டவரா? கிடையாது. பிறகு அவரே காட்டனைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டு, இருவரும் சேர்ந்து 2009-இல் புத்தகம் எழுதி, இந்த அநியாயம் பற்றி ஊர் ஊராகப் பேசினார்கள். அவர் தலைக்குள் நடந்தது என்ன என்பதுதான் நமக்குப் பாடம். புகைப்படத்தில் பார்த்த காட்டனின் முகம், அந்த இரவின் முகத்தை மெல்ல மெல்ல அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் வந்தது காட்டன் முகம்தான்.

இது ஏதோ ஒரு வழக்கில் நடந்த விபத்து என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். அமெரிக்காவில் 1989 முதல் 2020 வரை மரபணுச் சோதனையால் நிரபராதி என்று நிரூபிக்கப்பட்டு வெளிவந்தவர்கள் 375 பேர். அவர்களில் 69 சதவீதம் பேரின் வழக்கில் சாட்சி தவறாக அடையாளம் காட்டியிருந்தார். நூற்றுக்கு 69!

இதில் நாம் பயப்பட வேண்டிய இடம் வேறு. பாலியல் குற்றத்தில் மரபணுத் தடயம் மிஞ்சுகிறது, அதனால் உண்மை வெளியே வந்தது. கைப்பை பறிப்பில் என்ன தடயம் மிஞ்சும்? பெட்ரோல் நிலையத்தில் பாராங் கத்தியைக் காட்டி இரண்டு நிமிடத்தில் பணத்தை அள்ளிக்கொண்டு மோட்டாரில் பறந்தவன் எந்த மரபணுவை விட்டுப் போனான்? நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட வழக்குகளில். இங்கே தவறு நடந்தால் அதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வுக்கூடமும் உதவாது. தண்டனையை அனுபவித்து முடித்து, பழைய குற்றவாளி என்ற பெயரோடு வெளியே வந்து வேலை தேட வேண்டியதுதான்.

நினைவு என்பது சிசிடிவி பதிவு இல்லை, போட்டுப் பார்க்க. எலிசபெத் லோஃப்டஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1974-இல் ஒரு கார் விபத்துப் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார். "கார்கள் மோதியபோது என்ன வேகம்?" என்று சிலரிடமும், "நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று சிலரிடமும் கேட்டார். ஒரு சொல்தான் வித்தியாசம். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டவர்களில் அதிகம் பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேட்கும் அதிகாரியின் ஒரு சொல் இவ்வளவு செய்யுமென்றால், "சரியான ஆளைத்தான் காட்டினீங்க" என்ற பாராட்டு என்ன செய்யாது?

கத்தி கையில் இருந்தால் கண் கத்தி மேல்தான் போகும், முகத்தின் மேல் போகாது. கத்தி முனையில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், கத்தியின் நீளத்தைச் சொல்வார்கள். இதுவும் ஆய்வில் நிரூபணமானது.

இன்னொன்று, நம்மைப் போன்ற சிறுபான்மைச் சமூகம் உரக்கப் பேச வேண்டியது. மனிதர்கள் தம் இனத்தவர் முகத்தை அடையாளம் காண்பதைவிட வேற்று இனத்தவர் முகத்தை அடையாளம் காண்பதில் அதிகம் தவறுகிறார்கள். 30 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2001-இல் இதை உறுதி செய்தது. காட்டன் வழக்கிலும் வெள்ளைக்காரப் பெண் கறுப்பு இளைஞரைத்தான் காட்டினார். இதை இனவெறி என்று நான் சொல்லவில்லை. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர்கள் ஐந்து பேரில் நேற்று உங்களுக்குச் சில்லறை கொடுத்தவர் யார் என்று கேட்டால் சத்தியம் செய்து சொல்ல முடியுமா? நமக்கு அவர்கள் எப்படியோ, மற்றவர்களுக்கு நாம் அப்படி. "இந்திய ஆடவன், கறுத்த நிறம், மீசை, வயது இருபதுக்கு மேல்." இந்த வருணனைக்குக் கிள்ளானில் மட்டும் எத்தனை ஆயிரம் பேர் பொருந்துவார்கள்? மாலையில் வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்குப் போகும் எவனும் பொருந்துவான்.

நம் சட்டத்தின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே இந்தப் பிரச்சினை நூறு ஆண்டுக்கு முன்பே வெடித்துவிட்டது. அடால்ஃப் பெக் என்பவரை, நகைகளை ஏமாற்றிப் பறித்த மோசடிக்காரன் என்று பல பெண்கள் வரிசையாக வந்து அடையாளம் காட்டினார்கள். 1896-இல் 7 ஆண்டு தண்டனை. வெளியே வந்தவரை 1904-இல் மறுபடியும் பிடித்து, மறுபடியும் பெண்கள் காட்ட, மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பு! அதே ஆண்டில் உண்மையான மோசடிக்காரன் தற்செயலாகப் பிடிபட்டதால்தான் அவர் தப்பினார். இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907-இல் உருவானதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். ஒருவர் இல்லை, பலர் காட்டினாலும் தவறலாம் என்பதை அன்றே கண்டார்கள்.

கண்டும் திருந்தவில்லை. லூக் டோஹர்ட்டி என்பவர் கடையில் திரைச்சீலை திருடியதாக 1973-இல் தண்டிக்கப்பட்டார். அந்த நேரத்தில் அவர் பேருந்து நிறைய ஆட்களோடு சுற்றுலா போயிருந்தார்! நம் ஆட்கள் பேருந்து எடுத்துக்கொண்டு பத்துமலைக்குப் போவதைப் போலத்தான். அத்தனை பேர் இருந்தும் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது இரண்டே பேர். லாஸ்லோ விராக் என்பவரை எட்டு சாட்சிகள் காட்டினார்கள், 1969-இல் 10 ஆண்டு தண்டனை. அவன் முகம் என் மூளையில் பதிந்துவிட்டது என்று சொன்ன சாட்சி யார் தெரியுமா? ஒரு போலீஸ்காரர். பயிற்சி பெற்ற கண்ணுக்கே அந்தக் கதி.

இந்த இரண்டு வழக்குகளின் பின் டெவ்லின் பிரபு தலைமையிலான குழு 1976-இல் அறிக்கை கொடுத்தது. விதிவிலக்கான நிலைமை தவிர, அடையாளம் காட்டியதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரை. நாடாளுமன்றம் சட்டம் போடுவதற்குள் நீதிமன்றமே முந்திக்கொண்டு அதே ஆண்டு டர்ன்புல் வழக்கில் ஒரு வழிகாட்டுதலைத் தந்தது. சாட்சி எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, மறைப்பு இருந்ததா, முன்பே தெரிந்த முகமா, பார்த்ததற்கும் காட்டியதற்கும் எத்தனை நாள் இடைவெளி, முதலில் சொன்ன அங்க அடையாளம் இந்த ஆளுக்குப் பொருந்துகிறதா, இதையெல்லாம் எடைபோட வேண்டும், ஜூரிகளை எச்சரிக்க வேண்டும் என்றது. டெவ்லின் கேட்டதைவிட இது குறைவு. இருந்தாலும் நமக்குக் கிடைத்தது இதுதான். மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 1983-இல் டத்தோ மொக்தார் ஹாஷிம் வழக்கில் இதைப் பின்பற்றியது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் ஏற்றது.

மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் ஒழிந்துபோனது. ஆகவே இப்போது நீதிபதி தமக்குத் தாமே எச்சரிக்கை சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொண்டேன் என்று தீர்ப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் போதுமா? அந்த வரிக்குப் பின் உண்மையிலேயே எடைபோட்டாரா என்பதை யார் பார்ப்பது?

அதைவிடப் பெரிய ஓட்டை போலீஸ் நிலையத்தில் இருக்கிறது. காவாட் சாம் என்று நாம் சொல்லும் அடையாள அணிவகுப்பை எப்படி நடத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டா? கிடையாது. ஆளின் அடையாளத்தை நிறுவும் விவரங்கள் வழக்குக்குத் தொடர்புடையவை என்று 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 9-ஆம் பிரிவு சொல்வதோடு சரி. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே தனி விதித்தொகுப்பு இருக்கிறது. சந்தேக நபரோடு அவரைப் போன்ற தோற்றமுள்ள எட்டுப் பேராவது இருக்க வேண்டும், அவருடைய வழக்கறிஞர் பார்க்க வாய்ப்பு வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த சட்டத்தை வைத்துக்கொண்டோம், அவன் தன் வீட்டில் செய்த திருத்தத்தை மட்டும் விட்டுவிட்டோம்!

நாம் கேட்பது வானத்தில் உள்ள நிலவை இல்லை. அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. "குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். நிறத்திலும் உடல்வாகிலும் நம் பையனைப் போன்றவர்களைத்தான் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு முன் புகைப்படமோ கைப்பேசிப் படமோ சாட்சிக்குக் காட்டக் கூடாது. சாட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அந்த நிமிடமே அவர் வாயால் சொல்லவைத்து ஒளிப்பதிவு செய்ய வேண்டும். மாதக்கணக்கில் கழித்து, கூண்டில் நிற்கும் ஒரே ஆளைப் பார்த்து "இவன்தான்" என்பதில் என்ன அடையாளம் இருக்கிறது? அங்கே வேறு யாரைக் காட்டுவார்?

இதற்கெல்லாம் போலீசுக்குப் பெரிய செலவு கிடையாது. குற்றவாளியை விட்டுவிடச் சொல்கிறோமா? காட்டன் உள்ளே இருந்தபோது பாபி பூலைத் தேடுவாரே இல்லை. அவன் வேறு குற்றத்துக்காகப் பிடிபடும்வரை வெளியே திரிந்துகொண்டு மேலும் பல பெண்களை நாசமாக்கினான். தவறான ஆளைப் பிடித்தால் சரியான ஆள் தப்பிக்கிறான் என்ற சாதாரணக் கணக்கைக்கூடப் பார்க்கவில்லை என்றால் என்ன செய்வது? கோவலனை வெட்டிய பிறகுதான் சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே முத்தா மாணிக்கமா என்று முன்பே பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

தண்டனைக்குப் பிறகு தவறைத் திருத்தவும் இங்கே வழி குறுகல். பிரிட்டனில் 1997 முதல் குற்ற வழக்குகளை மறு ஆய்வு செய்ய ஒரு சுதந்திர ஆணையம் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. மேல்முறையீடு முடிந்தால் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

இனி நம் பக்கம் வருவோம், பெற்றோர்களே. கோபித்துக்கொள்ள வேண்டாம், நம் மீதும் குற்றம் இருக்கிறது. பிள்ளை பிடிபட்டவுடன், "நீ ஏன் அந்தப் பசங்களோட சேர்ந்த?" என்று அவனையே அடிக்கிறோம். "ஒத்துக்கிட்டா குறைச்சலா போடுவாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறோம். ஜாமீன் கட்டப் பணம் இல்லை, வழக்கு இழுக்கும், வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரவு நேரக் கொள்ளைக்குத் தண்டனைச் சட்டம் 392-ஆம் பிரிவில் 14 ஆண்டு வரை சிறை உண்டு, பிரம்படியும் உண்டு. ஒப்புக்கொண்ட பிறகு "நான் அங்கே இல்லை" என்று எந்த நீதிமன்றத்தில் போய் அழுவது?

பிடிபட்ட அன்றே செய்ய வேண்டியவை இருக்கின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆம் விதி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. 2007-இல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 28A பிரிவின்படி, உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமை உண்டு என்று போலீஸ் அவனுக்குச் சொல்ல வேண்டும். மூத்த அதிகாரி சில காரணங்களைக் காட்டி அதை மறுக்க அந்தப் பிரிவிலேயே இடம் வைத்திருக்கிறார்கள், அது வேறு கொடுமை. கேளுங்கள், மறுத்தால் யார் மறுத்தார் என்று எழுதி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய்த்தான் ரிமாண்ட் கேட்க முடியும். அந்த இடத்திலேயே நிற்க, பணம் இல்லாதவர்களுக்காக தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் வழக்கறிஞர்களை அனுப்பி வருகிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

காட்டன் வார இறுதியைக் குழப்பிக்கொண்டதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? போன மாதம் 12-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாய் என்று லோக்காப்பில் வைத்துக் கேட்டால் யாருக்குத்தான் சரியாக நினைவு வரும்? பையன் மனப்பாடத்தில் உளறுவதைவிட, வழக்கறிஞர் வந்த பிறகு தாளில் உள்ள ஆதாரத்தைப் பார்த்துச் சொல்வது நல்லது. அந்த ஆதாரத்தைத் தேட வேண்டியது வெளியே இருக்கும் நாம்தான். தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்திருந்தால் பஞ்ச் கார்டு இருக்கும், உடனே நகல் கேளுங்கள். மாமாக் கடையில் உட்கார்ந்து பந்து பார்த்தான் என்றால் அந்தக் கடை சிசிடிவியை அன்றிரவே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும், அடுத்த மாதம் போனால் ஒன்றும் இருக்காது. டோல் அட்டைக் கணக்கு, கைப்பேசியில் எடுத்த படம், கூட இருந்தவர்களின் பெயர், முகவரி எல்லாம் வேண்டும். அம்மா மட்டும் வந்து "என் பிள்ளை வீட்டில்தான் இருந்தான்" என்று சொன்னால், பெற்ற மனம் அப்படித்தான் சொல்லும் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அவன் வேறு இடத்தில் இருந்தான் என்று வாதாடுவதாக இருந்தால், 402A பிரிவின்படி அரசுத் தரப்புக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எந்த இடம், யார் சாட்சி என்று விவரத்தோடு. தெரிவிக்காமல் விசாரணை நாளில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் அவர்கள் வாயைத் திறக்கவே நீதிமன்றம் விடாமல் போகலாம்.

குற்றம் சாட்டப்பட்ட பிறகு, 51A பிரிவின் கீழ், புகார்தாரர் முதன்முதலில் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட்டின் நகல் உங்களுக்கு வர வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே வர வேண்டும். வழக்கறிஞரிடம் அதைக் கேட்டு வாங்கி, மலாய் புரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். யார் படத்தையும் பார்ப்பதற்கு முன், எந்த அணிவகுப்புக்கும் போவதற்கு முன், அந்தச் சாட்சி சொன்ன உயரம் என்ன, வயது என்ன, தலைமுடி எப்படி, தாடி இருந்ததா, பச்சை குத்தியிருந்ததா, தலைக்கவசம் போட்டிருந்தானா என்று பாருங்கள். பிறகு உங்கள் பிள்ளையை நிற்க வைத்துப் பாருங்கள்.